முதல் நாள் ஸ்கேனும் நாற்பத்தோராம் நாள் அப்பாவும்

தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு மகள் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் மருத்துவமனையையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு 58 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழில். விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு வெட்டப் போனவர் மரத்தடியிலேயே சரிந்துவிட்டார். கூட வெட்டியவர்கள் தூக்கிக்கொண்டு வந்து நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பிரஷர் 220/120. "தலைசுற்றல்தான் இல்லையே" என்று நான்கு மாதமாக மாத்திரையை நிறுத்தியிருந்திருக்கிறார். சிடி ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம், ஆழமான பகுதியில் 24 மில்லி ரத்தக்கசிவு. கொஞ்சம் ரத்தம் மூளைக்கு நடுவிலுள்ள நீரறைக்குள்ளும் இறங்கியிருந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு நின்றுவிட்டது. உணர்வு நிலையை 15-க்கு 11 என்று குறித்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் ஒரு டாக்டர் ஸ்கேனைக் காட்டி, "ஸ்கோர் 2, நூற்றுக்கு 26" என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட தாய்மாமா, நூற்றில் 26 பேர்தான் எழுந்து நடப்பார்கள் என்று உறவு முழுக்கச் சொல்லிவிட்டார். பதினாறாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு வாரம் பிசியோதெரபி நடந்தது. அப்புறம், "ஸ்கேன் படி பலன் இல்லாததற்கு எதற்குக் காசு?" என்று நிறுத்திவிட்டார்கள். சவுதியில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு லீவு முடிய இன்னும் பத்து நாள்தான். நரம்புப் பாதையைப் படம் பிடிக்கும் புது எம்ஆர்ஐ எடுத்தால் அப்பா நடப்பாரா மாட்டாரா என்று உறுதியாகச் சொல்லிவிடுவார்கள், அதைத் தெரிந்துகொண்டால் வேலைக்குத் திரும்புவதா விடுவதா என்று முடிவெடுத்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அதற்காகத் திருவனந்தபுரம் போகலாம் என்கிறார். மாமா ஒரு வர்ம ஆசானிடம் கூட்டிப் போகச் சொல்கிறார். அம்மா ஒன்றும் சொல்வதில்லை.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன். "இப்போது கட்டிலின் ஓரத்தில் பிடிக்காமல் பத்து நிமிடம் உட்காருகிறார். முழங்காலை மடக்குகிறார். ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டையை உள்ளங்கையில் வைத்தால் விரல்கள் மூடிப் பிடித்துக்கொள்கின்றன, ஆனால் விடத் தெரியவில்லை. பேச்சு 'சரி சரி' என்பது மட்டும்தான். ஆனால் சாயங்கால ஜெபத்தில் அம்மா கீர்த்தனை பாடும்போது இரண்டு வரி கூடவே பாடிவிட்டார். இது எதையாவது காட்டுகிறதா டாக்டர், இல்லை எங்கள் ஆசையா?"

காட்டுகிறதம்மா. நிறையவே காட்டுகிறது. அதைச் சொல்வதற்கு முன், உங்கள் வீட்டில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த 26-ஐ முதலில் வெளியே அனுப்பிவிடுவோம்.

அந்த 26 எதைப் பற்றியது?

அது எழுந்து நடப்பவர்களின் கணக்கே அல்ல. மூளை ரத்தக்கசிவுக்கு ஐசிஎச் ஸ்கோர் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் 152 நோயாளிகளை வைத்து உருவாக்கி 2001-ல் வெளியிட்டது. உணர்வு நிலை, ரத்தத்தின் அளவு 30 மில்லியைத் தாண்டியதா, நீரறைக்குள் இறங்கியதா, கசிவு சிறுமூளை அல்லது மூளைத்தண்டுப் பக்கமா, வயது 80-ஐத் தாண்டியதா என்ற ஐந்து விஷயங்களுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். உங்கள் அப்பாவுக்கு உணர்வு நிலைக்கு ஒன்று, நீரறை ரத்தத்துக்கு ஒன்று, மொத்தம் 2. அந்த 152 பேரில் 2 வாங்கியவர்களில் நூற்றுக்கு 26 பேர் வீதம் முப்பது நாளுக்குள் இறந்துபோனார்கள். அந்த எண் சொல்வது இவ்வளவுதான். யார் நடந்தார்கள், யார் பேசினார்கள் என்பதை அது கணக்கில் எடுக்கவே இல்லை.

உங்கள் அப்பாவுக்கு இன்று நாற்பத்தோராம் நாள். முப்பது நாள் கணக்கு அவரைப் பொறுத்தவரை முடிந்துபோன கணக்கு. மாமாவிடம் இதை அப்படியே படித்துக் காட்டுங்கள்.

நடமாட்டத்தைக் கணக்கிடவும் ஒரு ஸ்கோர் இருக்கிறது. ஃபங்க் ஸ்கோர் என்பார்கள், 2008-ல் வந்தது. மூன்று மாதத்தில் ஒருவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வாரா என்று மதிப்பிட உருவாக்கியது. அதில் முழுப் புள்ளி 11. முழுப் புள்ளி வாங்கியவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் அந்த நிலையை எட்டினார்கள். 4-க்குக் கீழோ 4-ஓ வாங்கியவர்களில் ஒருவரும் எட்டவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துக் கூட்டினால் (ரத்தம் 30 மில்லிக்குக் கீழ், வயது 70-க்குக் கீழ், ஆழமான இடம், உணர்வு நிலை 9-க்கு மேல், முன்பு மறதி நோய் இல்லை) அப்பாவுக்கு 10 வருகிறது. ஒரே ஸ்கேன், ஒரே மனிதர். எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்.

இந்த 10-ஐயும் இன்னொரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நூறு பேரைப் பற்றிச் சொல்லும் எண், அந்த நூறில் உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்று சொல்லாது.

முதல் நாள் படத்துக்குத் தெரிந்ததும் தெரியாததும்

சிடி ஸ்கேனில் புது ரத்தம் வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைத் திட்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஏறக்குறைய எத்தனை மில்லி என்று வந்துவிடும். 5 செ.மீ., 4 செ.மீ., 2.4 செ.மீ. என்றால் பெருக்கினால் 48, பாதி 24. இதைக் கண்முன்னே அளந்து சொல்லும்போது அதில் ஏதோ விதியே எழுதியிருப்பது போலக் குடும்பத்துக்குத் தோன்றிவிடுகிறது. அந்த அளவு மிகவும் தேவையான ஒன்றுதான். ஆபரேஷன் வேண்டுமா, ஐசியு வேண்டுமா, கசிவு பெரிதாகிறதா என்ற முதல் நாள் கேள்விகளுக்கு அதுதான் பதில். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முதல் 24 மணி நேரத்துக்குள் கசிவு பெருகும். அதனால்தான் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறோம்.

ஆனால் ஒரு வருடம் கழித்து என்ன ஆகும் என்ற கேள்வியை அந்தப் படத்திடம் கேட்டால்?

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் காலையில் தோட்டத்துப் பாதைகளில் ரப்பர் மரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. அப்போது ஒரு போட்டோ எடுத்திருந்தால் ஒரு பாதையும் மிஞ்சவில்லை என்றுதான் தோன்றியிருக்கும். மரத்தை வெட்டி அகற்றிய பிறகுதான், மண்ணோடு அரித்துப் போன பாதை எது, மரம் மட்டும் அடைத்துக் கிடந்த பாதை எது என்று தெரிந்தது. ரத்தக்கசிவும் அப்படித்தான். கையையும் காலையும் அசைக்கும் நரம்புப் பாதை ஒரு இடத்தில் நெருக்கமான கட்டாக இறங்குகிறது. அப்பாவுக்குக் கசிந்தது அதற்குப் பக்கத்தில். ரத்தம் அந்தக் கட்டை அறுத்திருக்கலாம், அல்லது வெறுமனே ஒதுக்கித் தள்ளியிருக்கலாம். சுற்றியுள்ள வீக்கம் முதல் ஒன்றிரண்டு வாரம் ஏறிக்கொண்டே போகும். ரத்தம் கரைய வாரக்கணக்காகும். ஒதுங்கிய பாதை அப்புறம்தான் மூச்சு விடும். அடைப்பால் வரும் ஸ்ட்ரோக்கில் திசு பட்டினியால் சாகிறது. கசிவில் ஒரு பங்கு செயலிழப்பு அழுத்தத்தால் வருவது. அதனால் கசிவு வந்தவர்கள் ஆரம்பத்தில் மிக மோசமாகத் தெரிந்து, பிறகு நாம் நினைத்ததைவிட நீண்ட காலம் முன்னேறிக்கொண்டே இருப்பதுண்டு.

இதற்கு ஆதாரமும் இருக்கிறது. மூளை ரத்தக்கசிவுக்கான பெரிய சிகிச்சைச் சோதனைகள் இரண்டில் பங்கேற்ற நோயாளிகளை வைத்து 2022-ல் ஓர் ஆய்வு வெளியானது. முப்பதாம் நாளில் படுக்கையோடோ பிறர் துணையின்றி நடக்க முடியாமலோ இருந்தவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் ஒரு வருடத்தில் பிறர் பிடிக்காமல் நடக்கும் நிலைக்கு வந்தார்கள். நூற்றுக்கு 18 பேர் இறந்தும் போனார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதே 2022-ல் வந்த அமெரிக்க ஸ்ட்ரோக் வழிகாட்டி, ஸ்கோரை மட்டும் வைத்துச் சிகிச்சையைக் குறைக்காதீர்கள், குறைந்தது இரண்டாவது முழு நாள் முடியும்வரை அந்த மாதிரி முடிவுகளைத் தள்ளிப் போடுங்கள் என்கிறது. காரணம், இந்தக் கணிப்பு தன்னைத் தானே உண்மையாக்கிக்கொள்ளும். நான் பயிற்சியில் இருந்த காலத்தில் மருத்துவமனை வராந்தாவில் ஒரு குடும்பத்திடம், "ஸ்கேனைப் பார்த்தால் நம்பிக்கை இல்லை" என்று இரண்டாம் நாளே சொன்னேன். அன்று சாயங்காலமே அவரை வீட்டுக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். நான்கு நாளில் இறந்துவிட்டார். நான் சொன்னது சரியாக இருந்ததா, நான் சொன்னதால் சரியாகிவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உங்கள் வீட்டில் பிசியோதெரபி நின்றது என்று படித்தபோது அந்த வராந்தா அப்படியே கண்முன் வந்தது.

அண்ணன் கேட்கும் எம்ஆர்ஐ

அப்படி ஒரு ஸ்கேன் உண்மையிலேயே இருக்கிறது. நரம்பு இழைகள் ஓடும் திசையில் நீர் மூலக்கூறுகள் எளிதாக நகரும். அந்த நகர்வை அளந்து, இழைகளைக் கலர் கலராக வரைந்து காட்டுவார்கள். பழுதான பக்கத்துப் பாதையையும் நல்ல பக்கத்துப் பாதையையும் ஒப்பிட்டு, எவ்வளவு இழைகள் மிஞ்சியிருக்கின்றன என்று மதிப்பிடலாம். மிஞ்சியது அதிகம் என்றால் கை மீள்வதும் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நல்ல கருவி, நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அண்ணனின் கேள்விக்கு அது பொருந்தாது. அது நன்றாகப் பேசுவது கையைப் பற்றி. நடைக்கு மூளையில் வேறு பாதைகளும் துணை நிற்பதால், படத்தில் மெலிந்து தெரியும் ஒருவரும் நடந்துவிடுகிறார். பேச்சைப் பற்றி அந்தப் பாதை ஒன்றும் சொல்லாது. அதோடு பழைய ரத்தத்தின் கறையும் வீக்கமும் படத்தையே கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி கேளுங்கள்: படம் நன்றாக வந்தால் என்ன செய்வோம்? பிசியோதெரபி. மோசமாக வந்தால்? அப்போதும் பிசியோதெரபிதான். சிகிச்சையை மாற்றாத ஒரு படத்துக்காக, உட்காரத் தொடங்கியிருக்கும் மனிதரை வண்டியில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. இப்போது பேசப்படும் ஏஐ கணிப்புக்கும் இதே பதில்தான். ரத்தத்தைக் கண்டுபிடிக்கவும் அளக்கவும் அந்த மென்பொருள்கள் வேகமாக உதவுகின்றன. தனி ஒருவரின் ஒரு வருடத்தைச் சொல்ல அவற்றால் ஆகாது.

மறுபடி ஸ்கேன் தேவைப்படும் நேரங்கள் வேறு. திடீரென்று கடுமையான தலைவலியும் வாந்தியும், அதிகத் தூக்கக் கலக்கம், வலிப்பு, புதிதாக எங்காவது பலவீனம் என்றால் 108-ஐ அழைத்து உடனே கிளம்புங்கள். உங்கள் அப்பாவுக்கு நீரறைக்குள் ரத்தம் இறங்கியிருந்ததால் இன்னொன்றையும் கவனியுங்கள். முன்னேறிக்கொண்டிருந்தவர் மெல்ல மந்தமாகி, உட்காருவதில் பின்வாங்கி, சிறுநீர் தெரியாமல் போகத் தொடங்கினால் மூளையில் நீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்ய வழி உண்டு. பிரஷர் இல்லாதவர்கள், இளவயதினர், மூளையின் மேற்பரப்புக்கு அருகே கசிந்தவர்கள் ஆகியோருக்கு ரத்தக்குழாயைப் பார்க்கும் ஸ்கேனும் தேவைப்படும். உங்கள் அப்பாவுக்கு இடமும் பிரஷரும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இருந்தாலும் அடுத்த பரிசோதனையில், "குழாயைப் பார்க்கும் ஸ்கேன் வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கட்டிலருகே நீங்கள் பார்த்தது

இனி உங்கள் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். பிடிக்காமல் பத்து நிமிடம் உட்காருவது பெரிய விஷயம். உட்காரும் சமநிலையும் காலில் கொஞ்சம் பலமும் சீக்கிரம் வருபவர்கள் நடப்பதற்கான வாய்ப்பு அதிகம் என்று ஸ்ட்ரோக் ஆய்வுகள் காட்டுகின்றன. அவை பெரும்பாலும் அடைப்பு ஸ்ட்ரோக் வந்தவர்களிடம் செய்தவை. ஆனாலும் கட்டிலருகே நாங்கள் தேடுவது இதைத்தான்.

கையில் வரிசை உண்டு. மூடிப் பிடிப்பது முதலில் வரும், விரித்து விடுவது பிறகு வரும். அப்பா சிரட்டையைப் பிடிக்கிறார், விட முடியவில்லை என்றால் பாதி வந்திருக்கிறது. விரல்கள் தானாக விரிகின்றனவா, தோளைப் பக்கவாட்டில் கொஞ்சமாவது தூக்குகிறாரா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். எந்த ஸ்கேனையும்விட அது எனக்கு அதிகம் சொல்லும். சிரட்டையை விடவில்லை என்று விரலைப் பிடித்து இழுக்காதீர்கள். மணிக்கட்டை மெல்லக் கீழே மடக்கினால் விரல்கள் தாமாகத் தளரும்.

பாடினாரே, அது ஆசையல்ல. பேச்சு பெரும்பாலானவர்களுக்கு இடப்பக்க மூளையில். பாட்டுக்கும் மனப்பாடமான வரிகளுக்கும் வலப்பக்கமும் கைகொடுக்கிறது. அதனால் பேச முடியாதவர் பாடுவார். இதைப் பிடித்துக்கொண்டே பேச்சுப் பயிற்சி கொடுக்கும் முறையும் இருக்கிறது. ஒன்று மட்டும், அவருக்குப் புத்தி போய்விட்டது என்று யாரும் அவர் முன்னால் பேச வேண்டாம். சொல் வரவில்லை, அவ்வளவுதான். உறவுக்காரர்கள் வந்தால் அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்ட்ரோக்குக்குப் பிறகு மனச்சோர்வு ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. மருந்து இருக்கிறது, டாக்டரிடம் சொல்லுங்கள்.

நேரில் பார்க்காமல் சொல்கிறேன், அந்த வரம்போடு எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி தொடர்ந்தால் கம்பூன்றியோ பிடித்தோ வீட்டுக்குள் நடப்பார் என்று எதிர்பார்க்கிறேன். பேச்சு கூடும், முழுவதும் பழையபடி வருமா என்பது சந்தேகம். பால்வெட்டும் கத்தியை அந்த வலக்கையில் பிடித்து, மரத்தின் தோல் கெடாமல் பட்டை சீவும் நுணுக்கம் திரும்புவது கடினம். தொழில் விஷயத்தில் அந்த நம்பிக்கையில் கடன் வாங்காதீர்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

பிசியோதெரபியை நாளையே தொடங்குங்கள். காசுதான் தடை என்றால், தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் (2021-ல் தொடங்கியது) வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறது, பிரஷர் மாத்திரையும் தருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம்.

பிரஷர்தான் அந்த முதல் நாள் ஸ்கேன் உங்களுக்குச் சொன்ன மிக உபயோகமான செய்தி. ஆழமான அந்த இடத்தில் கசிவது பெரும்பாலும் பிரஷரால்தான். 130/80-க்குக் கீழே வைத்திருந்தால் மறுகசிவு அபாயம் நன்றாகக் குறையும். வீட்டுக்கு ஒரு பிரஷர் மெஷின் வாங்குங்கள், எம்ஆர்ஐக்கு வைத்திருக்கும் பணத்தில் கொஞ்சம் போதும். நோட்டில் எழுதி வாருங்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் ஒதுக்கிவையுங்கள். மாத்திரையைத் தலைசுற்றலைப் பார்த்து நிறுத்தக் கூடாது. பிரஷர் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது.

பக்கத்து வீட்டுத் தாத்தா சாப்பிடும் ஸ்ட்ரோக் மாத்திரையை அப்பாவுக்கும் கொடுக்கலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கவே கூடாது. அது அநேகமாக ஆஸ்பிரின். அடைப்பு வந்தவருக்கு ரத்தம் உறையாமலிருக்கக் கொடுப்பது, கசிந்தவருக்கு ஆபத்தாகலாம்.

வர்ம ஆசானைப் பற்றி: நம் மாவட்டத்தில் அவர்களை நம்பாத குடும்பம் குறைவு, அந்த நம்பிக்கையோடு நான் சண்டை போட வரவில்லை. எண்ணெய் தடவி மெல்ல நீவி விடுவதில் தசை இளகும், மனசும் ஆறும். ஆனால் செயலிழந்த தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவிவிடும், அந்த வலி மாதக்கணக்கில் கையை முடக்கும். தலையிலும் கழுத்திலும் அழுத்தம் கொடுக்க வேண்டாம். உள்ளுக்கு மருந்து கொடுத்தால் என்ன மருந்து என்று உங்கள் டாக்டருக்குத் தெரியட்டும். பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மருத்துவமனையிலிருந்து சிகிச்சை ஆவணங்களின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஸ்கேன் படங்களைக் குறுந்தட்டாகவே (CD) வாங்குங்கள். போனில் எடுத்த ஃபிலிம் போட்டோவை வைத்து யாரும் சரியாகப் பார்க்க முடியாது. வெளிநாட்டில் நர்ஸாக இருக்கும் உறவுக்காரராலும் முடியாது.

அண்ணனுக்கு நான் சொல்வது இது. நடப்பாரா மாட்டாரா என்ற பதில் பத்து நாளில் எந்த மெஷினிலிருந்தும் வராது. லீவை ஒரு மாதம் நீட்ட முடிந்தால் நீட்டுங்கள், அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க இப்போது ஓர் ஆள் வேண்டும். முடியாவிட்டால் குற்ற உணர்ச்சி இல்லாமல் போங்கள், வேலையை விட வேண்டாம். பிசியோதெரபிக்கும் மாத்திரைக்கும் உங்கள் சம்பளம் வேண்டும். மூன்று மாதம் முடியும்போது ஒருமுறை, ஆறு மாதத்தில் ஒருமுறை அப்பாவின் நிலையை வைத்துக் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள்.

அம்மா ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பாடுகிறார். சாயங்காலம் அந்தக் கீர்த்தனையை விடாமல் பாடச் சொல்லுங்கள், ஒரு வரியின் கடைசிச் சொல்லை மட்டும் பாடாமல் நிறுத்தி அப்பாவின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் நிரப்புகிறாரா என்று எனக்கு எழுதுங்கள். சிரட்டையை எப்போது விட்டார் என்பதையும்.